நடுப்பலகை

நல்ல மரத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, சார். தம்பி மனைவிக்கு எத்தனை முறை சொல்லியும் காதில் ஏறவில்லை.

அந்தச் சாப்பாட்டு மேசை இத்தாலியில் பேர்பெற்ற ஒரு வடிவமைப்பாளர் உருவாக்கியது. என்னைவிட வயதில் மூத்தது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத நான் ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். சாதாரணமாக நாலு பேர் உட்காரலாம். இரண்டு பாதியையும் இழுத்து நடுவில் பலகை போட்டால் எட்டுப் பேர். அந்தப் பலகை என் கட்டிலுக்கடியில், கம்பளி சுற்றி, மெருகுப் பக்கம் மேலே பார்க்க இருக்கும்.

அதைப் போட இரண்டு பேர் வேண்டும். தம்பி கடிகாரம் பழுதுபார்ப்பவன், நிதானமான விரல்கள். அவன் பலகையை இறக்கி விளிம்பைச் சேர்ப்பான். நான் மறுமுனையிலிருந்து தள்ளுவேன். "விரல் இருக்குண்ணா" என்றால் நிற்பேன். ஒரு நாளும் அவன் நகத்தில்கூடக் கீறல் விழுந்ததில்லை.

போன மாதம் வெளியூர் வேலை முடிந்து வந்தேன். பலகை குப்புறக் கிடந்தது.

"யார் வந்தா?"

"அவர் கடை சிநேகிதர் ஒருத்தர்தான்" என்றாள் தம்பி மனைவி. தம்பி, மனைவி, மகள் மூன்று பேர், வந்தவர் ஒருவர். நாலு பேருக்குப் பலகை எதற்கு?

மாலையில் தம்பி மகள் மோதிரத்தைக் காட்டினாள். "மாப்பிள்ளை வீட்ல வந்து பேசி முடிச்சுட்டாங்க பெரியப்பா. உங்களுக்கு லீவு கிடைக்கலைன்னு அப்பா சொன்னாரே."

நான் லீவே கேட்கவில்லை. அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். என் மேசையிலேயே எனக்கு இடமில்லை என்றால் வயிறு எரியாதா?

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "துணி விஷயத்துக்கே எவ்வளவு பேசுறீங்க. சம்பந்தம் கெட்டுடுமோன்னு பயந்துட்டோம்ணா."

"சரி, அவங்களை இன்னொரு தடவை கூப்பிடு. நானும் பார்க்கிறேன்" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை பலகை போட்டோம். "விரல் இருக்குண்ணா" என்றான். விபத்து என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தம்பிகூட உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பான். எனக்கு நன்றாகக் கேட்டது, சார். உடம்பின் முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன். அவன் கத்தினான். நான் உடனே இழுக்கவில்லை.

ரத்தத்தை உலர்ந்த துணியால்தான் துடைத்தேன்.

இனி கடிகார வேலை முடியாது, ஸ்பூன் பிடிக்கவே நாளாகும் என்கிறார் டாக்டர். என்னை ஸ்டேஷனிலிருந்து சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். அவனுக்கு ஊட்டிவிட ஆள் வேண்டும், சின்ன வயதிலும் நான்தான் ஊட்டினேன். இனிமேல் என்னை விட்டுவிட்டு அவனால் அந்த மேசையில் உட்கார முடியாது.