குரங்குக்குப் போட்ட பெட்டி

அத நீங்க தொடாதீங்க சார். கொஞ்சம் நகந்துக்கங்க, நான் மாட்டுறேன். ஐயோ, உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லல. கோயமுத்தூர்ல தெனமும் நீங்கதான் மாட்டுவீங்க, சரி. இங்க நான் இருக்கேன்ல, வர்ற கரண்டு காருக்கெல்லாம் சார்ஜ் மாட்டுறதுதான் எஞ்சோலியே. ஒரு நிமிசம், செருப்பக் கழட்டிக்கிர்றேன். ம். பெட்டிக் கதவத் தொறந்தாச்சு. குத்தியாச்சு. டக்குன்னு சத்தம் கேட்டுச்சா? புடிச்சிருச்சு. சார்ஜ் எவ்வளவு காட்டுது? பன்னெண்டா. பெருமாள்மலை ஏத்தத்துலயே பதறிருப்பீங்களே.

எல்லாருக்கும் அப்படித்தான் சார். கீழ இருக்கையில அம்பது இருக்கு, போதும்னு கெளம்பிருவாங்க. ஏத்தம் அம்புட்டையும் தின்னுரும். ஆனா எறங்கையில பாருங்க, அதுவா ஏத்திக்கிரும். போன மாசம் ஒருத்தர் இங்க எண்பது போட்டுட்டுப் போனாரு. வத்தலக்குண்டு போயிச் சேந்து, எண்பத்திரெண்டு காட்டுதுன்னு போன் போட்டுச் சொல்றாரு. எறங்க எறங்க ஏறுது பாத்துக்கங்க. நமக்கு அப்படி வைக்கல.

ஒரு மணி நேரம் ஆகும். வீட்டம்மாவும் பாப்பாவும் உள்ள போயி டீ சாப்புடட்டும். நீங்களும் போங்களேன். போகலியா? சரி, இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. எனக்கு வேணாம், நான் நின்னே பழகிட்டேன்.

செருப்பா? சாமியெல்லாம் இல்ல சார். வர்றவங்க எல்லாருமே அதக் கேக்குறாங்க. போன வாரம் ஒரு பொண்ணு வீடியோவே எடுத்துச்சு, தாத்தா சார்ஜருக்கு மரியாதை குடுக்குறாருன்னு. எனக்கு நாப்பத்தெட்டு வயசுதான். பழக்கம், அம்புட்டுத்தான்.

எதுல பாத்தீங்க? ஆப்புலயா? அந்தக் கமெண்டு இன்னும் கெடக்கா. ம். நெசந்தான் சார். ஒருத்தர் இங்க செத்துப்போனாரு. இதே எடந்தான். ஐய, எந்திரிக்காதீங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருசம் ஆச்சு. எல்லாம் மாத்தியாச்சு. மிசினச் சுத்தி நிக்கிற அந்தத் தகரப்பெட்டிய மட்டும் நீங்க தொட வேணாம், என்ன?

நாச்சிமுத்துன்னு பேரு. மேல மன்னவனூர்க்காரரு. உருளைக்கெழங்கு ரெண்டு வருசம் கைய விட்டுருச்சுன்னு இந்த லாட்ஜுக்கு வந்தாரு. கேட்டு தொறக்க, வண்டிய ஒதுக்கி நிறுத்த. மிசின் வந்ததும் மொதலாளி அவரையே மாட்டச் சொல்லிட்டாரு. நாச்சிமுத்தண்ணனுக்குப் போன்ல நம்பர் போடத் தெரியாது. ஆனா இத ஒரே நாள்ல புடிச்சுக்கிட்டாரு. மாட்டுக்கு ஊசி போடுறப்ப தட்டிக் குடுப்பாங்கள்ல, அப்படி ஒரு கையால வண்டியத் தட்டிக் குடுத்து மறு கையால குத்துவாரு. சும்மா இருடா, முடிஞ்சிருச்சுடாம்பாரு. காருக்காரங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

பெட்டியா? அது கம்பெனிக்காரன் குடுத்தது இல்ல சார். மிசின் வந்து நாலாம் நாளு, ஒரு பெரிய கொரங்கு வயரப் புடிச்சுத் தொங்குது. முனையில இருந்த ரப்பரக் கடிச்சுத் துப்பிருச்சு. கம்பெனிக்காரன் வந்து பாத்தான். கொரங்குக்கெல்லாம் வாரண்டி கெடையாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். மொதலாளி தங்கமுத்து லேசுல விடுற ஆளு இல்ல. வத்தலக்குண்டுல பட்டறையில சொல்லி இந்தத் தகரப்பெட்டிய அடிச்சுக் கொண்டாந்தாரு. கதவு, கைப்பிடி, தாப்பா, எல்லாம் கனமா. பீரோ மாதிரி நின்னுச்சு. கொரங்கு வந்து மேல ஒக்காந்து பாத்துட்டுப் போயிருச்சு. நாங்க எல்லாரும் கை தட்டுனோம்.

மிசினு பிளாஸ்டிக்கு சார். தொட்டா ஒண்ணும் பண்ணாது. அதச் சுத்தி நம்மளா ஒரு இரும்ப நிறுத்திட்டோம். மிசினுக்கு எர்த் உண்டு. பெட்டிக்குக் குடுக்கல. அது கரண்டு சாமான்னு யாருக்கும் தோணல. கொரங்குக்குத்தானே போட்டது.

அடுத்தது மேகம். ஐப்பசி, கார்த்திகையில இங்க வந்து பாருங்க, மேகம் எறங்குச்சுன்னா எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது. செவத்துல வெரல வச்சா ஈரம். இதுக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கு சார், உங்க வீட்டுலயும் இருக்கும். கரண்டு எங்கயாச்சும் கசிஞ்சா அதுவா விழுந்துரும். ஆளக் காப்பாத்தத்தான். அது இங்க விழுந்துக்கிட்டே இருந்துச்சு. காருக்காரங்க மாட்டிட்டுப் போயிப் படுத்துருவாங்க. காலையில வந்து பாத்தா வண்டி பதினஞ்சுலயே நிக்கும். மொதலாளிகிட்டச் சண்டை. மொதலாளி எலக்ட்ரீசியனுக்குப் போனு. அந்தாளு பேத்துப்பாறையில இருந்து மழையில பைக்க எடுத்துக்கிட்டு வந்து சுவிட்சத் தூக்கிவிட்டுப் போவாரு. வீடு போயித் தலையத் தொவட்டல, மறுபடி போனு. ஒரே நாள்ல நாலு தடவ. அஞ்சாவது தடவ வந்தப்ப, டைரக்ட் குடுத்தாச்சு.

டைரக்ட்னா, அந்தச் சுவிட்சுக்குப் போகாம வயர நேரா இணைச்சு விட்டுர்றது. அப்புறம் விழுகாது. எதுக்குமே விழுகாது. மழைக்காலத்துல அங்கங்க நடக்குறதுதான். ஹீட்டரு, மோட்டாரு எல்லாம் டைரக்ட்டு. மழை விட்டதும் மாத்திக்கலாம்பாங்க. மழை விட்டதுக்கப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கு. நல்லா ஓடுறத எவன் தொறந்து பாப்பான்.

தை மாசம். நல்லா வெயில் அடிச்ச நாளு. அதத்தான் என்னால... சரி விடுங்க. வயரு பெட்டிக்குள்ள போற ஓட்டையில ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கணும். போடல. கதவத் தொறந்து மூடித் தொறந்து மூடி, தகரத்து விளிம்பு வயரக் கொஞ்சங் கொஞ்சமா அறுத்திருக்கு. அண்ணன் வெள்ளனே எந்திரிச்சு வாசல் பூராம் தண்ணி அடிச்சுக் கழுவி விட்டிருக்காரு. ஒரு கார் வந்து நின்னுச்சு. போயிக் கைப்பிடியப் புடிச்சாரு.

கரண்டு வேலை பாக்குறவன் எந்த இரும்பையும் மொதல்ல புறங்கையாலதான் சார் தொடுவான். இந்தா, இப்படி. புறங்கைன்னா ஒதறித் தள்ளிரும். உள்ளங்கைன்னா வெரலு மடங்கிக்கிரும். நாம விடணும்னாலும் கை விடாது. அண்ணனுக்கு அது யாரு சொல்லிக் குடுத்தா? தாப்பா இறுக்கமா இருக்கும்னு ரெண்டு கையாலயும் புடிச்சுத்தான் இழுப்பாரு. செருப்பும் போட மாட்டாரு. காட்டுல வெறுங்கால்லயே நடந்து பழகுன ஆளு.

அந்த எலக்ட்ரீசியன் அன்னைக்கு மாடியில கீசர் பாத்துக்கிட்டு இருந்தாரு. காருக்காரர் போட்ட சத்தத்துல ஓடியாந்து மெயின அமத்துனாரு. அண்ணனத் தோள்ல தூக்கிப் போட்டு அதே கார்ல ஆஸ்பத்திரிக்கு. ஏரிக்கரையக்கூடத் தாண்டல, உசுரு போயிருச்சு.

வந்தாங்க சார், போலீஸ் வந்தாங்க, ஆபீசருங்க வந்தாங்க. வயரிங் சரியா இருக்குன்னு பேப்பர்ல திண்டுக்கல் கான்ட்ராக்டர் ஒருத்தர் கையெழுத்து. அவரு மலை ஏறி வந்ததே கெடையாது. சுவிட்சா? அவங்க வர்றதுக்குள்ள பழையபடி மாட்டியாச்சு. அர மணி நேர வேலைதானே. அது இருந்துச்சுன்னா ஏன் விழுகலன்னு அவங்களும் கேக்கல. ஈரக் கையோட தொட்டதால இறந்தார்னு எழுதி முடிச்சுட்டாங்க. அண்ணன் மேலயே போட்டாச்சு. மொதலாளிக்கு டைரக்ட் குடுத்த விசயமே தெரியாது. விழுகாம ஓடுதுன்னுதான் அவருக்குத் தெரியும்.

அண்ணன் சம்சாரம் இருக்கு. சின்னத்தாயின்னு பேரு. மன்னவனூர்லதான். எலக்ட்ரீசியன் அங்க மூணு தடவ போயிட்டாரு, சொல்லிரணும்னுதான். போனா அந்தம்மா அக்கம்பக்கத்து ஆளுங்களக் கூப்புட்டு, எம்புருசனத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுன தம்பி இதுதான்னு காட்டும். எல்லாரும் கும்புடுவாங்க. தட்டு வச்சு சோறு போடும். சோத்துல கைய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? கெளம்பையில ஒரு பை பூண்டு குடுக்கும். சொந்தக் காட்டுல வெளஞ்சது. வேணாம்னு சொல்ல முடியுமா? வாங்கிட்டு வந்து அத ஆக்கித் திங்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. மூணு பையும் எங்க வீட்டுப் பரண்ல மொள விட்டுக் கெடக்கு.

ஆமா சார். நாந்தான்.

மொதல்லயே சொன்னா யாரும் ஒக்கார மாட்டாங்க. வண்டியக் கழட்டிக்கிட்டுப் போயிருவாங்க. அண்ணன் போனதுக்கப்புறம் மாட்டுறதுக்கு ஆளு தேடுனாங்க, நான் வர்றேன்னு கேட்டு வந்தேன். கம்பியும் கட்டிங் பிளேயருமா இருந்தவன் கேட்டு தொறக்க வர்றியான்னு மொதலாளி சிரிச்சாரு.

போலீஸ்லயா? போனேன் சார். வாசல் வரைக்கும். ரெண்டு தடவ. கால் உள்ள போகல. எனக்குத் தைரியம் இல்ல, அதான் நெசம். அதுக்குத்தான் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றேன். படிச்சவங்க, கார்ல வர்றவங்க, கீழ போயி யாராச்சும் ஒருத்தர் ஒரு லெட்டர் போட மாட்டாங்களான்னு. எம்பேரு ஜெயமுருகன், பேத்துப்பாறைன்னு சொல்லித்தான் அனுப்புறேன். ரெண்டு வருசத்துல எத்தன பேரு. எல்லாரும் நல்லாத்தான் கேக்குறாங்க. தோளத் தட்டிக் குடுக்குறாங்க. எண்பது வந்ததும் போயிர்றாங்க. அந்தக் கமெண்டு போட்டவர்கிட்டயும் இதே ஸ்டூல்ல ஒக்கார வச்சுத்தான் சொன்னேன். ஒருத்தர் இறந்திருக்கார், கவனம்னு மட்டும் போட்டுட்டாரு. எம்பேரப் போடல. நீங்களும் எத்தன ஏறிருக்குன்னுதான் பாக்குறீங்க.

கோவமெல்லாம் இல்ல சார். உங்களுக்கு என்ன தலையெழுத்து, லீவுக்கு வந்த எடத்துல.

வந்துருச்சா? எண்பதா? இருங்க இருங்க, நான் எடுக்குறேன். பயப்படாதீங்க, இப்ப சுவிட்ச் நல்லா இருக்கு, பெட்டிக்கு எர்த் குடுத்தாச்சு, ரப்பரும் போட்டாச்சு. எல்லாம் நானே பண்ணுனதுதான். மாசாமாசம் மீட்டர் வச்சுப் பாக்குறேன், ஒரு பொட்டுக் கசியல. மொதல்ல கொஞ்ச நாளு புறங்கையாலதான் தொட்டுக்கிட்டு இருந்தேன், பழக்க தோசம். இப்ப உள்ளங்கைதான். அண்ணன் மாதிரியே ரெண்டு கையும் வச்சு இறுக்கிப் புடிக்கிறேன். ஒண்ணும் பண்ண மாட்டேங்குது.

பாப்பாவ அங்கிட்டே நிக்கச் சொல்லுங்க. செருப்ப விட்டுட்டு வந்துர்றேன்.