உள்பக்கம் பார்க்க விட்ட மகுடேஸ்வரன் சார்

மேடையில் இருக்கிற அதிகாரி குருசாமி ஐயா அவர்களுக்கும், மகுடேஸ்வரன் சாரின் வீட்டம்மா இந்துமதி அவர்களுக்கும், துணி துவைக்கிற ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவிட்டு வந்திருக்கிற வேலம்பாளையம் லைன் வீட்டுச் சனங்களுக்கும் வெள்ளையம்மாளின் வணக்கம்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. நான் மைக் முன்னால் நிற்பதைப் பார்த்தால் சார் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் காணோம்.

நம்ம தொழிலாளர் சேவை மையத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மகுடேஸ்வரன் சார் நெஞ்சுவலியில் போய் இன்றைக்குப் பதினெட்டு நாள். அவர் கொண்டுவந்த சாப்ட்வேரை எடுத்துவிட்டு, பழைய கம்பெனி சாப்ட்வேருக்கே திரும்பலாமா என்று வருகிற திங்கட்கிழமை மாவட்ட ஆபீசில் கூடிப் பேசப்போகிறார்கள். குருசாமி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. "செஞ்ச ஆளே போயிட்டாரே, இனி யாரு பார்ப்பா?" அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பழைய சாப்ட்வேர் என்ன செய்தது, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் லைன் வீட்டில் பன்னிரண்டு குடும்பம், ஒரே கதவு எண். முதலில் போன மூக்கையா அண்ணனுக்குத் தொழிலாளர் அட்டை வந்தது. மற்ற பதினோரு குடும்பத்துக்கும், "இந்தக் கதவு எண்ணில் ஏற்கெனவே ஒரு குடும்பம் உள்ளது" என்று திருப்பி அனுப்பிவிட்டது. சார் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். திருத்த எட்டு மாதம் ஆகுமாம். நாமே திறந்து திருத்தலாமா என்றால், திறக்கவே கூடாதாம்.

"அரசாங்கம் வாங்கின சாமானை அரசாங்கமே திறக்கக் கூடாதா சார்?" என்றேன்.

"ஏனுங்கக்கா, உங்க கம்பெனில பீஸை எப்படிச் செக் பண்ணுவீங்க?"

"உள்பக்கம் திருப்பித்தான். வெளியே பார்த்தா எல்லா பனியனும் மாப்பிள்ளை மாதிரித்தான் இருக்கும்."

"இது உள்பக்கம் திருப்ப முடியாத பனியனுங்க" என்றார்.

அதற்கப்புறம் நாலு முறை மாவட்ட ஆபீசுக்கு நடந்தார். நம்ம மையத்துக்கு மட்டும் திறந்த சாப்ட்வேர் போட்டுப் பார்க்க அனுமதி வாங்கினார். அதன் உள்பக்கத்தை யாரும் பார்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். காசு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம். பிடி நம்ம கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிசு.

முதல் நாள் நடந்த கூத்தைச் சொல்லாமல் விட முடியுமா? பன்னிரண்டு குடும்பத்தையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிட்டார். மூக்கையா அண்ணன் குடும்பத் தலைவர், நான் மனைவி, மீசை வைத்த முனீஸ் என் பிள்ளை. ஆக மொத்தம் நாற்பத்து மூன்று பேர். மூக்கையா அண்ணன் சம்சாரம் வேல்விழி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, இவரை நீங்களே கூட்டிட்டுப் போங்க. நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள்.

எங்கள் வேலையில் தப்புக் கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அன்றைக்கு சாரின் கம்ப்யூட்டர் ஸ்கிரீனிலேயே ஒட்டிவிட்டேன். கோபப்பட்டாரா? இல்லை. சாயங்கால டீ வருவதற்குள் திருத்திவிட்டு, "இப்பப் பாஸ் பண்ணுங்கக்கா" என்றார். அன்றிலிருந்து எதை மாற்றினாலும் முதல் தாள் என் கைக்கு வரும்.

போன புதன்கிழமை இந்துமதி அம்மா குடும்ப உதவிக்கு விண்ணப்பம் கொடுக்க வந்தார். ஸ்கிரீனில் என்ன வந்தது தெரியுமா? "மகுடேஸ்வரன் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது."

எல்லா விண்ணப்பத்துக்கும் தன் பெயரை மட்டும் போட்டு வைத்திருந்திருக்கிறார் மனுசன். தனக்கு லீவே கிடையாது என்று நினைத்துவிட்டார் போல.

இந்துமதி அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பேசினார். "இன்னும் ஆபீஸ்லயேதான் இருக்காரு. இருக்கறப்பவும் நேரத்துக்கு ஊட்டுக்கு வந்ததில்லீங்க." அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தோம்.

"பார்த்தீங்களா, இதைத்தான் நான் சொன்னேன்" என்றார் பக்கத்தில் நின்ற குருசாமி ஐயா.

மையத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டே சாரிடம் இந்த வேலையும் கற்றுக்கொண்ட சித்ரகலா அந்த சாப்ட்வேரைத் திறந்தாள். உள்ளே இடத்துக்கு இடம் சார் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஒப்புதல் பெயர் வருகிற இடத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தாள்:

"இந்த எடத்தை மாத்தறவங்க வெள்ளையம்மாக்காகிட்ட ஒருக்கா காட்டீருங்க. அவங்க உள்பக்கம் பார்க்காம விடமாட்டாங்க."

என் பெயர், ஐயா. பதிவேட்டில் கோணல்மாணலாக எழுதுகிற என் பெயர், அரசாங்கக் கம்ப்யூட்டரின் உள்பக்கத்தில்.

அரை மணி நேரத்தில் திருத்திவிட்டாள். தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பார்த்தேன். சார் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டிருந்தாள்.

"கண்ணு, அடுத்த மாசம் நீ பிரசவத்துக்குப் போனா?" என்று சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். குருசாமி ஐயாவும் சிரித்துவிட்டார். மையத்து இன்னொரு ஆள் பெயரும் இரண்டாவதாக ஏறியது. இந்துமதி அம்மா விண்ணப்பம் அன்றைக்கே போய்விட்டது.

ஐயா, திங்கட்கிழமை யாராவது "இனி யாரு பார்ப்பா" என்று கேட்டால், சித்ரகலா திருத்துவாள், வெள்ளையம்மாள் பார்ப்பாள் என்று சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் மையத்துக்கு வந்துவிடுவேன். ஸ்டிக்கர் கட்டு பையிலேயே இருக்கிறது.