காற்றுண்ணிக் கல் கிடங்கின் தாழ்ப்பாள்

ஆலையில் எல்லோரும் "கிடங்கு அக்கா" என்று அழைக்கும் நான், வயது நாற்பத்தொன்று, ஊழியர் குடியிருப்பு நான்காம் வீட்டில் கணவருடனும் அவருடைய தம்பியுடனும் வசித்து வந்தேன். காற்றுண்ணிக் கல் கிடங்கின் சாவி பதினோரு வருடமாக என் பொறுப்பில் உள்ளது. இந்த வாக்குமூலத்தை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

மேற்படி கல், வற்றிய ஏரிகளின் அடிச்சேற்றில் சுண்ணாம்பும் சாம்பலும் இறுகி உண்டாவது. காய்ந்தால் வெள்ளை, பரம சாது. ஈரம் பட்டால் நீலமாகி, சுற்றியுள்ள உயிர்க்காற்றைக் குடித்துவிடும். தானியக் கிடங்குகளில் வண்டு சாக இதைத்தான் வைக்கிறார்கள். ஆகவே நனைந்த கல்லை உள்ளே வைக்கக் கூடாது.

சம்பவ நாளன்று பகல் மூன்று மணிக்கு, முற்றத்தில் கல் காய்ந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி, "நனைஞ்சா நனையட்டும், எல்லாத்தையும் உள்ள தள்ளுங்க" என்றார். நானும் கொழுந்தனும் தட்டுகளைச் சுமந்தோம். ஜன்னலே இல்லாத நீளக் கிடங்கு அது. அதன் பிறகு சாரல் அடிக்கவே கதவைச் சாத்தப் போனேன். சாத்துமுன் மூன்று முறை கூப்பிட வேண்டும், பிறகு விளக்கை நீட்டிப் பார்க்க வேண்டும். "உள்ள யாரு?" என்று மூன்று முறை கூப்பிட்டேன். கொழுந்தன் உள்ளே இருந்தால் "பேய்தான் அண்ணி, வாங்க!" என்று கத்துவான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவன்? சத்தமில்லை. விளக்கு சாரலில் அணைந்தது. சத்தமில்லாததால் ஆளில்லை என்று தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தக் கல் முதலில் மயங்கத்தான் வைக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு, முக்கால் மணி நேரம் கழித்து, எங்கு தேடியும் அவன் இல்லாததால் திறந்தேன். கடைசி வரிசையில் தட்டை விடாமல் பிடித்தபடி குப்புறக் கிடந்தான். கதவு திறந்திருந்தால் மயக்கத்தோடு போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

அதன் பிறகு மேஸ்திரி, "தாழ்ப்பாள் போடலன்னு சொல்லும்மா. அவனே சாத்திக்கிட்டுத் தூங்கிட்டான்னு முடிச்சுடலாம். செத்தவன் வந்து மறுக்கவா போறான்?" என்றார். நானும் பயந்துபோய் என் கணவரிடம் அப்படியே சொன்னேன். அது பொய். இன்று காலைகூட அவர், "உம்மேல தப்பில்ல, ஒரு வாயாவது சாப்பிடு" என்று தட்டில் போட்டுக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

நான் கேட்டுக்கொண்டபடி, வெளியே பெஞ்சில் இருந்த என் கணவரை உள்ளே அழைத்து, இது முழுவதும் அவர் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடியே உள்ளது. ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

(கையெழுத்து) கிடங்குப் பொறுப்பாளர்

சாட்சி: கணவர். கையெழுத்திடாமல் எழுந்து போய்விட்டார்.