பழுப்பாய் நிற்கும் உயிர்கள்

அவைக்குத் தலைமையேற்று, நம் மரம் அறுக்கும் ஆலைச் சங்கத்தின் பாரத்தையும் அவ்வப்போது என் வாயையும் பொறுத்துக்கொள்ளும் தலைவர் அவர்களே! அறுத்து அறுத்துக் கை காய்த்துப்போன பெரியவர்களே! பகலெல்லாம் பலகை அடுக்கி, வீட்டு வேலையையும் முடித்து, அதற்கு மேலும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கைகட்டி என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் வெட்டுக் குழுத் தலைவர், என் அக்காவின் கணவர், நீங்கள் எல்லோரும் கோடாலி என்று அழைக்கும் என் அத்தான் அவர்களே! இந்த ஆலையில் மரத்துக்குத் தரம் பார்க்கும் நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அத்தான் முறைக்கட்டும். அக்கா முறைப்பதையே பார்த்து வளர்ந்தவள் நான், இதெல்லாம் எம்மாத்திரம்? சிரிக்காதீர்கள், வீட்டுக்குப் போனால் எனக்குத்தான் கிடைக்கும்.

இன்று நம் முன்னே இருப்பது ஒரே தீர்மானம். ஆலைக்கு மேலே சரிவில் நிற்கும் பைன் காட்டை அடியோடு வெட்டுவதா, வேண்டாமா? மழை பொய்த்தது, மரம் காய்ந்தது, வண்டு விழுந்தது, வீணாகும் முன் வெட்டிவிடுவோம் என்கிறது தீர்மானம். வெட்டினால் இரண்டு பருவத்துக்கு ஆலை ஓடும். அதற்குப் பிறகு? இன்று நடும் கன்று பலகையாவதற்குள் நம் பிள்ளைகளுக்குத் தலை நரைத்துவிடும். அதுவரை நம் அடுப்புகள் எதை நம்பி எரியும்?

போன வாரம் என்ன செய்தோம்? சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பழுப்பாகத் தெரிந்த மரத்துக்கெல்லாம் வெட்டுவதற்கான சிவப்புக் குறி அடித்தோம், பச்சையாகத் தெரிந்ததை விட்டோம். மழை பெய்த காலத்தில் நமக்கு அது போதுமாக இருந்தது. வெட்டிய மரம் என் மேசைக்கு வந்தது. பட்டையை உரிக்கிறேன், வர மாட்டேன் என்கிறது! நகத்தால் கீறுகிறேன், அடியில் பச்சை! தொட்டுப் பார்க்கிறேன், ஈரம்! வாளை நிறுத்தச் சொல்லிவிட்டு அத்தானைக் கூப்பிட்டேன்.

“அத்தான், இது செத்த மரம் இல்ல.”

“போம்மா. தலையெல்லாம் பழுப்பு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

“அப்ப பச்சையா விட்டுட்டு வந்தீங்களே, அதுல ஒண்ணக் காட்டுங்க.”

திட்டிக்கொண்டேதான் வந்தார், ஆனால் வந்தார். சரிவில் பச்சைப் பசேலென்று நின்ற மரத்தில் கோடாலியால் ஒரு தட்டுத் தட்டினார். பட்டை பொத்தென்று கழன்று விழுந்தது. உள்ளே வண்டு போட்ட வழிகள், மாவாய் உதிரும் தூள், ஒரு சொட்டு ஈரம் இல்லை. அத்தான் அந்தத் தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “உசுரோட இருந்தத வெட்டிட்டு, பொணத்துக்குக் காவல் வெச்சிருக்கோமேம்மா.” எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஏன் இப்படி? மர ஆய்வுக்கூடத்து அம்மாவிடம் வெட்டிய துண்டைக் கொண்டுபோய்க் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வறட்சி வந்தால் பைன் மரம் முதலில் ஊசியிலையின் துளைகளை மூடுகிறது. நீர் வெளியேறாது, ஆனால் உணவும் குறைகிறது. பெருக்க முடியாததால் சுருக்குகிறது! அந்த ஆண்டின் வளர்ச்சி வளையம் ஒல்லியாகிறது, நீர்க்குழாய்கள் சிறுத்துச் சுவர் தடிக்கின்றன. நம் வாள் சில நாளாக முனகுகிறதே, மரம் பட்ட பாட்டை அது சொல்கிறது. குழாயில் நீர் இழை அறுந்து காற்று புகுந்தால், அந்தக் குழாய் அதோடு சரி. காற்று அடுத்த குழாய்க்குப் பரவாதபடி இடையிலுள்ள சின்னஞ்சிறு வாயில்களை மரமே அடைத்துக்கொள்கிறது. அப்புறமும் தாகம் தீராவிட்டால், பழைய இலைகளைப் பழுக்கவிட்டு உதிர்த்து, மொட்டுகளைக் காக்கிறது. அதைத்தான் நாம் சாவு என்று நினைத்தோம்!

பச்சை மரத்தின் கதை என்ன? தண்ணீர் குறைந்தது, பிசின் குறைந்தது. பிசின் குறைந்தது, காவல் குறைந்தது. காவல் குறைந்தது, வண்டு நுழைந்தது! மரம் செத்த பிறகும் ஊசியிலை மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சையை நம்பி நாம் அங்கே விட்டுவைத்தது வண்டுகளின் தொட்டில்.

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், எதுவும் நிச்சயமில்லை என்றால் மொத்தமாக வெட்டுவதுதானே நல்லது என்று. ஐயா, கண் ஏமாந்தது உண்மை. அதற்காகக் கையும் ஏமாற வேண்டுமா? ஒவ்வொரு மரமாகப் போவோம். அடியில் தூள் கொட்டியிருக்கிறதா பார்ப்போம், பட்டையைச் சிறிது கீறிப் பார்ப்போம். வண்டு விழுந்ததை வெட்டுவோம், பட்டை உரிப்போம், வண்டு பறக்கும் முன் கீழே இறக்குவோம். நெருக்கி நிற்கும் நோஞ்சான்களைக் களைவோம், மற்றவை இருக்கும் தண்ணீரைக் குடிக்கட்டும். பழுப்பு மரமெல்லாம் பிழைத்தே தீரும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சில சாகும். ஆனால் போராடிக்கொண்டிருக்கும் உயிரை நாம் போய்ச் சாய்க்க வேண்டாம்! மொத்தமாக வெட்டும் தீர்மானத்துக்கு என் கை எழாது. நாளைக் காலையில் சரிவில் ஏறுகிறேன், யாரும் வராவிட்டாலும் ஏறுகிறேன்.

என்ன அத்தான்? எழுந்தே நின்றுவிட்டீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

“ஒவ்வொண்ணா பாக்கறதுன்னா முதுகு ஒடிஞ்சிடும்மா. ஆனா வரேன். என் ஆளுங்களும் வருவாங்க. செத்ததுன்னு தெரிஞ்சா வெட்டுவேன், அப்ப நீ குறுக்க நிக்கக் கூடாது.”

நிற்க மாட்டேன் அத்தான்! வண்டு தின்ற மரத்தின் முதல் பட்டையை நானே உரிக்கிறேன்!

தலைவர் அவர்களே, நான் பேசி முடித்துவிட்டேன். தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். அடியோடு வெட்டு என்பதைத் தோற்கடிப்போம், அதற்குப் பதிலாக ஒவ்வொன்றாகப் பார் என்பதை நிறைவேற்றுவோம். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு என் நன்றி. இனி உயரப்போகும் கைகளுக்கு என் வணக்கம்!