சிவப்புக் கிடார் நீலமான விதம்

பழைய கிடாரை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இதுதான். காய்ந்த மெல்லிய துணி, கொஞ்சம் எண்ணெய், நிறையப் பொறுமை, அவ்வளவு போதும்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய், விஷயத்துக்கு வா என்கிறாள் அக்கா. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் ஸ்க்ரூடிரைவர். மேஜை நடுவில் நீல நிற எலெக்ட்ரிக் கிடார், மேலே இருந்த வெள்ளைப் பலகை கழற்றப்பட்டு, வயிறு திறந்து கிடக்கிறது. அத்தான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவார். அதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டுமாம். வாயால் சொல்லவிட்டால் பேச்சை மாற்றிவிடுவேன் என்பது அவள் எண்ணம். கூடப் பிறந்தவளே இப்படி நினைத்தால் என்ன செய்வது? எழுதுகிறேன்.

பழைய கிடார்களை வாங்கி, சரிசெய்து விற்பது என் தொழில். அக்கா வீட்டுப் பின்னறைதான் பட்டறை. இந்த வேலையில் என்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் கிடையாது. தெருவில் வேறு யாரும் இந்த வேலை செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர். ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் அவர் கை பட்டால் சத்தமில்லாமல் ஏறி இறங்கும். வீட்டில் அவரிடம் இருந்த சிவப்புக் கிடாரின் கதையே வேறு. குமிழைத் திருகினால் கரகரவென்று இருமும். ஆணிகளில் துரு. தந்திகளுக்கு அடியில் பதினோரு வருஷத்து அழுக்கு. தினமும் சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து ஒரே பாட்டை வாசிப்பார், ஒரே இடத்தில் சறுக்குவார். அவர் சறுக்குவதற்கு முன்பே பின்னறையில் எனக்குப் பல் கூசிவிடும்.

ஒன்பதாம் தேதி அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கிடாரை எடுத்துப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். மொத்தம் பதினெட்டே காலடி. ஒரே வீட்டுக்குள் ஒரு சாமான் இடம் மாறியதைத் திருட்டு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நல்ல கிடார் ஒன்று கண்டவர் கையில் சீரழிகிறது, நல்ல கைக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று அத்தான் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, துணிக்கூடைக்குள்கூடத் தேடினார். என்னிடமும் வந்தார்.

"மாப்பிள்ளை, நீ பார்த்தியா?"

"இல்லையே அத்தான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "போன வாரம் அக்காதான் ஏதோ சொல்லிட்டிருந்தா. சத்தம் தாங்கல, ஒருநாள் இதைத் தூக்கி வித்துடப் போறேன்னு."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்கா அப்படிச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

மறுநாள் கிடாரைப் பிரித்தேன். பலகையின் பதினோரு ஆணிகளையும் எடுத்தபோது, உள்ளே மரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'குருவி கேட்கிறாள், ஒழுங்காக வாசி.' குருவி என்பது அத்தான் அக்காவைக் கூப்பிடும் பெயர். கல்யாணமான முதல் வாரம் அவள் கண்ணெதிரே எழுதி மூடினாராம். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்கும் எழுத்தைப் பார்த்தவுடன் யார் எழுதியது, யாருக்காக என்று புரியத்தான் செய்தது. ஆனாலும் தொழில்முறையில் பார்த்தால் அது பென்சில் கறை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு சிவப்பைச் சுரண்டி எடுத்தேன். தளர்ந்திருந்த ஒயருக்கு ஈயம் பற்றவைத்ததும் இருமல் நின்றது. புதுத் தந்தி, புதுக் குமிழ், பிறகு நீலப் பெயிண்ட், ஐந்து பூச்சு. பூச்சுக்குப் பூச்சு காய விட வேண்டும். அவசரப்பட்டால் தோல் உரியும்.

அது காய்ந்த நாட்களில் முன்னறை அமைதியாக இருந்தது. அத்தான் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். அக்கா முதலில் சத்தியம் செய்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு அதுவும் இல்லை. விரலில் மோதிரம் சுழலும் அளவுக்கு இளைத்துப்போனாள். ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்று, "நான் எடுக்கலடா. நீயாவது நம்புறியா?" என்று கேட்டாள்.

"நம்பாம இருப்பேனாக்கா? கொஞ்சம் பொறு, எல்லாம் சரியாயிடும்," என்றேன்.

வெறும் ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. பெயிண்ட் காய இன்னும் இரண்டே வாரம்தான் இருந்தது.

நாற்பதாவது நாள் அத்தான் பின்னறைக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த நீலக் கிடாரை எடுத்து மடியில் வைத்தார். வழக்கமான பாட்டு, வழக்கமான சறுக்கல். முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.

"என்னமோ தெரியல மாப்பிள்ளை, ரொம்ப நாள் பழகின மாதிரி இருக்கு."

"நல்ல கிடார்னா அப்படித்தான் இருக்கும் அத்தான்."

சொந்தத்துக்குள் கறார் வேண்டாமே என்று விலையைக் குறைத்துத்தான் கொடுத்தேன். அவர் அதை முன்னறைக்குக் கொண்டுபோய், நாற்பது நாளுக்குப் பிறகு அக்காவிடம் முதல் வார்த்தை பேசினார்.

"இதையாவது விட்டு வை."

எனக்கு அப்போதுதான் மனசு நிம்மதியானது. எப்படியோ பேச்சு ஆரம்பித்துவிட்டதே.

அக்காவுக்கு அந்த நிம்மதி போதவில்லை. கோபம் அவளுக்கும் இருக்கிறது, ஆனால் அவள் சமாதானத்துக்கு வழி தேடுகிறவள். இன்று லீவு போட்டு, என் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பலகையைக் கழற்றியிருக்கிறாள். அந்த வரியைப் புதுக் கிடாருக்குள்ளும் தன் கையாலேயே எழுதி, சாயங்காலம் அவரிடம் காட்டலாம் என்று நினைத்தாளாம்.

உள்ளே என் குறிப்பு இருந்தது. எந்தக் கிடாரை முடித்தாலும் பலகைக்கு அடியில் வேலை விவரத்தை எழுதி வைப்பேன். நாளைக்கு வேறொரு மெக்கானிக் திறந்தால் அவனுக்கு உதவுமே. தொழிலில் நேர்மை முக்கியம். அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள்: "பிரித்தது பத்தாம் தேதி. பழைய நிறம் சிவப்பு. கரகரப்பு சரிசெய்யப்பட்டது." கீழே என் கையெழுத்து.

இவ்வளவுதான் நடந்தது. எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்ல கைக்குப் போகட்டும்னு எடுத்தேன்னு எழுதியிருக்க. அப்புறம் எதுக்குடா அவர்கிட்டயே வித்த?"

கால்மணி நேரம் யோசித்தேன். அத்தானுக்கு விற்பதற்கு முன்பு நல்ல வாசிப்பாளர்கள் இரண்டு பேர் வந்து அதைக் கேட்டார்கள். ஏற்கெனவே சொல்லி வைத்தாயிற்று என்று திருப்பி அனுப்பினேன். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், அந்தக் கிடாரைச் சரிசெய்து தரட்டுமா என்று அத்தானிடம் கேட்டிருந்தேன். "எதை வேணும்னாலும் பிரி. இதை மட்டும் தொடாதே," என்றார். பதினோரு வருஷம் தொடவில்லை. விற்ற அன்று நீலக் கிடாரைத் தடவிப் பார்த்து, "உன் கையில என்னமோ இருக்குடா," என்றார். அதைக் கேட்கத்தான் எடுத்தேன். ஆமாம், நான்தான் எடுத்தேன், நான்தான் அக்காவை மாட்டிவிட்டேன், அந்த வரியை அழித்ததும் நான்தான். இதையும் எழுது என்றாள், எழுதிவிட்டேன்.

மணி ஐந்தே முக்கால். நான் ஒன்றும் மனசாட்சி இல்லாதவன் இல்லை. அழித்ததை ஈடுசெய்யத் தயாராக இருக்கிறேன். அத்தான் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். அதே கோணல், அதே அழுத்தம், பதினோரு வருஷம் மங்கிய பென்சில் நிறம்கூடக் கொண்டுவந்துவிடுவேன். 'குருவி கேட்கிறாள், ஒழுங்காக வாசி.' அவரே எழுதியது என்று அவரே நம்புவார். பத்து நிமிஷ வேலை, கூலி வேண்டாம் என்றும் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவள் ஏன் அழுகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.