அக்கா வீட்டு எர்த் குழி

எனக்கு முழங்கால் வலி உண்டு. குழி தோண்டுகிற வேலை என்றாலே பாதி ஆளாகிவிடுவேன். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, ஐயா. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

அக்கா வீட்டுக்கு வயரிங் செய்தது நான்தான். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்துக்கு எட்டடி தோண்டிக் குழாய் இறக்க வேண்டும். இரண்டடியிலேயே பாறை தட்டியது. குழாயை வெட்டி அந்த அளவுக்கே நட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசி மூடி போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. அதைக் காட்டித்தான் அந்தத் தெருவில் இன்னும் பதினாறு வீடுகளுக்கு வேலை பிடித்தேன். அங்கேயும் இரண்டடிதான்.

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். வாஷிங் மெஷினைத் தொட்டால் கை சுர்ரென்கிறதாம். செருப்புப் போட்டுக்கொண்டு தொடச் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் நீ பெரிய எலக்ட்ரீஷியன். உங்க அக்கா மட்டும் சொந்த வீட்ல செருப்போட திரியணுமாடா?" என்றாள்.

போய் எர்த் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மினுக்கென்றுகூட எரியவில்லை. மறுபடி தோண்டினால் தெருவே வந்து நிற்கும். அவரவர் வீட்டு மூடியையும் திறக்கச் சொல்வார்கள். அதனால் பிளக் பாயிண்டுக்குள், கரண்ட் கம்பத்துக்குத் திரும்பிப் போகிற நியூட்ரலையும் எர்த்தையும் விரல் நீள வயரால் சேர்த்துவிட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நிம்மதிக்காக, இனிமேல் செருப்பு வேண்டாம் என்றும் சொன்னேன்.

வெளியே கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், அந்த வயர் வழியாக மெஷின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். எனக்குத் தெரியும். தினமுமா அறுந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் காற்றடித்து அறுந்தது.

அக்கா மகள்தான் போன் செய்தாள், அம்மா மெஷினைத் தொட்டு விழுந்துவிட்டாள் என்று. மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். பக்கத்துத் தெருதான். அழக்கூட இல்லை அந்தப் பெண்.

"நெஞ்ச அமுக்கணுமா மாமா? எப்படின்னு சொல்லுங்க, நான் பண்றேன்."

"நான் பாத்துக்கறேன்மா. நீ ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வா."

ஷாக் அடித்தவரை என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முதல் நாலைந்து நிமிடம்தான் கணக்கு. மல்லாக்கப் படுக்கவைத்து, விடாமல் நெஞ்சை அமுக்க வேண்டும்.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பிளக் பாயிண்டுக்கு இரண்டே திருகுதான், ஆனால் கை வியர்த்து நழுவிக்கொண்டே இருந்தது. ஆறு நிமிடம் ஆகிவிட்டது. அதுவரை அக்கா தொண்டையில் ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வயரைப் பாக்கெட்டில் போட்டபோது அது நின்றிருந்தது. பிறகு அமுக்கினேன். டாக்டர் வந்தபோது அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன், எல்லாரும் பார்த்தார்கள்.

அக்கா சின்ன வயதிலிருந்து என்னை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அவள் இருந்திருந்தால் என் நிலைமையைப் புரிந்துகொண்டிருப்பாள்.