சிமிட்டுற பச்சை லைட்

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, கூடப் பொறந்த தங்கச்சி போனை எடுக்காம இருக்கலாமா? ஏழு வாரம்! நேத்துகூட அடிச்சேன்... ரெண்டு ரிங்கு, கட். உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். அவ வீட்டுக்காரர் உக்காந்த நாற்காலிதான். நான்தான் இங்க சர்வீஸ்ல வேலை வாங்கிக் கொடுத்தேன். இப்ப நீங்க வந்திருக்கீங்கல்ல, அதே வேலை.

கம்ப்யூட்டரை நெட்வொர்க்ல சேர்க்குற இந்த டப்பா இருக்கே, இது என் டிசைன். ஒன்றரை வருஷம்! சிப்புலேருந்து சாக்கெட்டுக்குப் போற இந்த ரெண்டு கோடு தெரியுதா? ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும். பதினோரு தடவை வரைஞ்சேன். யாராச்சும் ஒரு வார்த்தை? ம்ஹூம். டப்பா கலர் நல்லா இருக்குன்னாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், தங்கச்சி. ஒரு ஆஸ்பத்திரில லேப் ரிசல்ட் எதுவும் வார்டுக்குப் போகலையாம். அவ வீட்டுக்காரர் போய்ப் பாத்தாரு. பச்சை லைட் சிமிட்டுது. டப்பா நல்லா இருக்கு, உங்க கம்ப்யூட்டர்தான் சரியில்லன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாரு. கடைசில கேபிளோட மறுமுனை பீரோவுக்குப் பின்னாடி கழண்டு கிடந்துச்சாம். வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? லைட் சிமிட்டினா லைன் இருக்குன்னு மேனுவல்லயே போட்டிருக்கே, அவர் மேல என்ன தப்புன்னு என்னைக் கேட்டுட்டுப் போனை வச்சவதான்! என்னைக் கேட்டா? மேனுவல் எழுதினது... சரி, நான்தான்.

கேபிளை ஏன் சார் உருவுறீங்க?

...ஆமா. சிமிட்டுது. கேபிள் இல்லாமலும் சிமிட்டும்.

கம்பெனி டைரக்டர் பாக்க வந்த அன்னிக்கு நெட்வொர்க் புரோகிராம் முடியல சார். டப்பா சும்மா கிடந்தா நல்லா இருக்காதேன்னு, அரை செகண்டுக்கு ஒரு தடவை லைட்டை சிமிட்டுன்னு புராசஸருக்கு நாலு வரி எழுதினேன். அவரும் பாத்துட்டுக் கை தட்டினாரு. அப்புறமா எடுத்துடலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன். எண்ணூறு டப்பா போயிடுச்சு. தங்கச்சி வீட்டுக்காரரை வேலையை விட்டு அனுப்பின அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. வாயத் திறக்கல. பயம். தங்கச்சிகிட்டயாவது சொல்லிடலாம்னுதான் தினம் போன் அடிக்கிறேன். அவ கட் பண்ணினதும் ஒரு நிம்மதி வருது பாருங்க...

சார்? டப்பாவை எடுத்துட்டு எங்க போறீங்க? அது மேனேஜர் ரூம். சார்!

...சரி, போங்க. கதவைத் தட்டிட்டுப் போங்க, இல்லன்னா அவருக்குக் கோவம் வரும். அப்புறம் சார்... முடிஞ்சா என் தங்கச்சிக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. உங்க நம்பர்னா எடுப்பா.